இடது பக்கக் கதவு

மழை அப்படித் திடுதிப்பென்று கொட்டும் என்று யார் கண்டார்கள்?

பழைய கார்களைச் சோதித்து, சான்றிதழ் கொடுத்து விற்கிற ஷோரூம் அது. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு அவன் உள்ளே வந்தபோது, சற்றுமுன் துடைத்த வெள்ளைத் தரையில் ஒரு குட்டிக் குளமே கட்டிவிட்டது.

"ஹலோ... மழைக்கு ஒதுங்கறதுன்னா வாசல்லயே ஒதுங்கலாமே?" என்றாள் அவள், மேஜையிலிருந்து தலையைத் தூக்காமலே.

நிமிர்ந்தாள்.

அவன் அவளைப் பார்க்கவே இல்லை. நடுவில் நின்ற மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டே இருக்கை, தரையோடு பதுங்கிய உடம்பு... ரொம்ப நாள் கழித்துச் சொந்தக்காரரைப் பார்த்துவிட்ட மாதிரி ஒரு பார்வை. பிறகுதான் அவள் பக்கம் திரும்பினான். மழைத்துளி தங்கிய இமைகள். சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற கண்கள்...

அவள் சொல்ல வைத்திருந்த அடுத்த வார்த்தை எங்கோ போய்விட்டது.

"இது என்ன விலைங்க?"

சொன்னாள்.

"கடைசி விலை?"

"முதல் விலையும் அதுதான், கடைசி விலையும் அதுதான்."

"நடுவுல ஒண்ணுமே கிடையாதா?"

"நடுவுல டீ இருக்கு. குடிக்கிறீங்களா?"

அவன் வாய்விட்டுச் சிரித்தான். மழை நின்ற பிறகும் அரை மணி நேரம் இருந்தான்.

கார்களுக்குப் பெயின்ட் அடிப்பது அவன் தொழில். இப்படி ஒரு வண்டிக்காக ஏழு வருஷமாகச் சேர்த்து வைத்திருக்கிறானாம். அவளோ அந்த ஷோரூமின் சோதனையாளர். நூற்றைம்பது சோதனைகள், ஒவ்வொன்றுக்கும் அவள் கையால் ஒரு டிக், கடைசியில் அவள் கையெழுத்து. அதைக் கேட்டதிலிருந்து அவளை 'சர்ட்டிஃபிகேட் மேடம்' என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டான். அடுத்த சனிக்கிழமை வந்தான். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தான். அவன் ஒரு விலை கேட்பான், அவள் உதட்டைப் பிதுக்குவாள், டீ வரும். சனிக்கிழமைகளில் அவள் கண்ணாடி முன்னால் கூடக் கொஞ்ச நேரம் நிற்பதை வீட்டில் அம்மாகூடக் கவனித்துவிட்டாள்.

நான்காவது சனிக்கிழமை அவன் டீயைத் தொடவில்லை. காரைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்து, தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தான்.

"பத்துல ஒரு பங்கு குறைச்சுக்குங்க மேடம். இன்னிக்கே முடிச்சுடலாம்."

"எதுக்குக் குறைக்கணும்?"

"இடது பக்கக் கதவு... அது கம்பெனி பெயின்ட் இல்ல. பின்னாடி அடிச்சது. உங்க சர்ட்டிஃபிகேட்ல ஒரிஜினல்னு போட்டிருக்கு."

சோதனை செய்த அந்தச் சாயங்காலம் அவளுக்கு ஞாபகம் வந்தது. பெயின்ட்டின் தடிமனை அளக்கிற கருவி, கடைசியாக இடது கதவுக்கு வந்தபோது பேட்டரி தீர்ந்து உயிரை விட்டது. தோழி வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள். மூன்று பக்கம் சரியாக இருந்தால் நான்காவதும் சரியாகத்தான் இருக்கும் என்று டிக் போட்டுவிட்டு ஓடியிருந்தாள்...

"என்னம்மா சொல்றாரு?" பக்கத்து மேஜையிலிருந்து சித்தப்பா தலையைத் தூக்கினார். கடை அவருடையது. அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்து, இந்த நாற்காலியிலும் உட்கார வைத்தவர். சோபாவில் வேறு வாடிக்கையாளர்கள் காத்திருந்தார்கள். எல்லார் கண்ணும் அவள் மேல்.

"நாள் பூரா பெயின்ட் அடிக்கிறவருக்குப் பார்க்கிற காரெல்லாம் பெயின்ட் அடிச்ச கார்தான் சித்தப்பா!" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "கையில காசு இல்லேன்னா இல்லேன்னு சொல்லலாம். அதுக்காக வண்டியைக் குறை சொல்லக் கூடாது."

சோபாவில் யாரோ சிரித்தார்கள்.

அவன் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. அவளை ஒரு நொடி பார்த்தான்... 'நீயா?' என்று கேட்கிற மாதிரி. "சரிங்க" என்றான். போய்விட்டான்.

கடை மூடும் நேரத்தில் அவள் கருவியை எடுத்துக்கொண்டு போய் இடது கதவில் வைத்தாள். வலது கதவைவிட இரண்டு மடங்கு காட்டியது. இன்னொரு இடத்தில் வைத்தாள். அங்கேயும் அதேதான்.

சித்தப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வேணும்னு செஞ்சியா? இல்லல்ல... அப்ப விடு. பார்க்கிறவன் கண்ணுக்கே தெரியாத விஷயம். சர்ட்டிஃபிகேட்டை இப்பத் திருத்தினா கடை மானம் என்னாகும்?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். அவன் நம்பரும் பட்டறை விலாசமும் முதல் நாள் அவன் நிரப்பிய வாடிக்கையாளர் படிவத்தில் இருந்தன. தினமும் கடைசி எண் வரைக்கும் அழுத்துவாள்... பிறகு அழித்துவிடுவாள். 'ஸாரி' என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல ஏன் இத்தனை வீம்பு என்று தன்னையே திட்டிக்கொள்வாள். சனிக்கிழமை கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்ப்பாள். வேறு யாராவது வந்துகொண்டிருப்பார்கள். இப்படியே மூன்று வாரம் ஓடியது.

நான்காவது வாரம் ஒரு பல் டாக்டர் வந்தார். மஞ்சள் கார்தான் வேண்டும் என்றார். முழு விலைக்குச் சம்மதம். சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. டாக்டர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டார்.

"சார், ஒரு நிமிஷம்..." என்றாள் அவள். "இடது கதவு மறுபடி பெயின்ட் அடிச்சது. நான் அளக்காமலே டிக் போட்டுட்டேன். தப்பு என்னோடது."

டாக்டர் பேனாவை மூடினார். பிறகு ஒரு மணி நேரம் பேரம் நடந்தது. கடைசியில் விலை எங்கே வந்து நின்றது தெரியுமா? பத்தில் ஒரு பங்கு குறைவில்.

கார் வாசலைத் தாண்டிப் போனதும் சித்தப்பா அவளைத் திட்டவில்லை. "இந்த விலைக்கு அந்தப் பெயின்ட்டர் தம்பிக்கே கொடுத்திருக்கலாமேம்மா..." என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையிலேயே அவள் அவன் பட்டறைக்குப் போனாள். தகரக் கூரை, தின்னர் நெடி. ஒரு வேனின் ஜன்னல் ஓரங்களில் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கினான்.

"நீங்க சொன்னது சரிங்க" என்றாள், வணக்கம்கூடச் சொல்லாமல். "அளந்து பார்த்தேன். அன்னிக்கே பார்த்தேன். வந்து சொல்றதுக்குத்தான்... இவ்வளவு நாளாச்சு."

"தெரியும்ங்க. அந்தக் கதவுக்குப் பெயின்ட் அடிச்சதே நான்தான்."

"நீங்களா?" என்றாள் அவள்.

"இந்தத் தொழிலுக்கு வந்த புதுசு. அந்த மஞ்சளைக் கலக்கவே ரெண்டு நாள் ஆச்சு. அன்னிக்கே நினைச்சேன், வாங்கினா இதைத்தான் வாங்கணும்னு. மழைக்கு உள்ள வந்தா... அது நிக்குது."

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா நான் அவ்வளவு பேசியிருக்க மாட்டேனே!"

"உங்க சித்தப்பா பக்கத்துல இருந்தாரு. நான் அடிச்சதுன்னு சொன்னா, நீங்க அளக்கலேன்னு அவருக்குத் தெரிஞ்சிடும். உங்க முகம் வெளுத்துப் போச்சு. பார்த்துட்டேன். அப்புறம் எப்படிச் சொல்றது?"

தன்னைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டவனைத்தான் நாலு பேர் முன்னால் அப்படிக் கேட்டிருக்கிறாள்...

"கார்... நேத்து வித்துட்டோம்" என்றாள் மெதுவாக.

"பரவால்லைங்க. அந்தப் பணமும் இப்ப இல்ல. வேற ஊர்ல ஒரு நண்பன் பட்டறை வைக்கிறான், கூட்டுச் சேர வான்னு ரொம்ப நாளாக் கூப்பிட்டான். போக மனசே இல்லாமத்தான் தட்டிக் கழிச்சிட்டு இருந்தேன். அன்னிக்கு உங்க ஷோரூம்லேர்ந்து வந்தவுடனே வரேன்னு சொல்லிட்டேன். பணமும் கொடுத்தாச்சு. வியாழக்கிழமை கிளம்பறேன்."

அன்று திங்கட்கிழமை.

வெளியே யாரோ எதையோ தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நிற்கட்டும் என்று காத்திருந்தாள். நிற்கவில்லை. அதற்கு மேல் காத்திருக்க அவளுக்குத் தைரியம் இல்லை.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருந்தது" என்றாள் சத்தமாகவே. "முதல் நாளே. அதனாலதான் உங்க முன்னாடி தப்புப் பண்ணவளா நிக்க முடியல. அவ்வளவு கேவலமாப் பேசினேன். போகாதீங்கன்னு சொல்ல எனக்கு ஒரு உரிமையும் இல்ல. ஆனா... பிடிச்சிருக்குங்க. இப்பவும்."

அவன் கையில் ஒட்டியிருந்த காகிதத் துண்டை உரித்தான். ரொம்ப நேரம் உரித்தான்.

"மொத ரெண்டு வாரம் காரைப் பார்க்கத்தான் வந்தேன்" என்றான். "அப்புறம் வந்ததெல்லாம் உங்களைப் பார்க்க. பேரம் முடிஞ்சுட்டா அப்புறம் எதைச் சொல்லி வர்றதுன்னு பயந்துதான் இழுத்துக்கிட்டே இருந்தேன்." கண்கள் சிரிக்கப் பார்த்தன, முடியவில்லை. "மூணு வாரம்ங்க... வாசலையே பார்த்துட்டு இருந்தேன்."

அவள் அங்கிருந்த தகர நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

வியாழக்கிழமை வரை தினமும் போனாள். அவன் வேலை செய்ய, தகர நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தாள். பேசப் பேசத்தான் தெரிந்தது, பேச எவ்வளவு இருக்கிறது என்று. பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "போய்ச் சேர்ந்ததும் போன் பண்றேன்" என்றான் அவன். "ஞாயித்துக்கிழமை நான் அங்க வரேன்" என்றாள் அவள்.

பஸ் திரும்பி மறைந்த பிறகும் நின்றுகொண்டிருந்தாள். அவனுடைய பட்டறையிலிருந்து ஷோரூமுக்கு நடந்தால் பத்தே நிமிஷம். மூன்று வாரம் அவன் அந்தப் பத்து நிமிஷ தூரத்தில்தான் இருந்திருக்கிறான்.