முதல் கரண்டி

தட்டின் விளிம்பில் ஒரு பெருவிரல் ரேகை இருந்தது. எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும் என்று ஞானஜோதி முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. ஈரத்துணி வைத்து அழுத்தித் துடைத்தாள். அப்போதும் போகவில்லை.

மத்தியானக் கூட்டம் கலைந்து, ராத்திரி விருந்துக்கு மேசைவிரிப்பு மாற்றுவதற்கு முன்னால் வருகிற ஓய்ந்த நேரம் அது. ஏசியை அணைத்திருந்ததால் ஹாலுக்குள் வெக்கை மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. வறுத்த சம்பா மிளகாயின் நெடி திரைச்சீலைகளில் தங்கி மூக்கை அரித்தது. வெளியே சிவகாசிச் சாலையில் லாரி போகும்போதெல்லாம் அடுக்கி வைத்த கண்ணாடித் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிச் சன்னமாகச் சத்தம் போட்டுவிட்டு அடங்கின.

"ராக்காயி, இதத் தேச்சுக் கழுவுனியா இல்லையா?"

பாத்திரம் கழுவுகிற ராக்காயி கையை உதறிக்கொண்டே வந்தாள். "நகத்தால சொரண்டியும் பாத்துட்டேன் டீச்சர். போக மாட்டேங்கு. இது ஒண்ணுதானா? அடுக்குல இருக்க தட்டு அம்புட்டுலயும் இருக்கு."

ஞானஜோதி தட்டை ஜன்னல் பக்கம் சாய்த்தாள். ரேகை வெள்ளியாக மின்னியது. இந்தச் சீமையில் பிறந்த யாருக்கும் அது என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. தீபாவளி சீசனில் பட்டாசு செய்கிற பயராபீஸ் வேன்கள் சாயங்காலம் பெண்களை இறக்கிவிட்டுப் போகும்போது, அவர்களுடைய முழங்கை வரைக்கும், புருவமயிர் வரைக்கும் இதே மினுமினுப்பு இருக்கும். அலுமினியப் பொடி. லேசில் போகாது.

அந்தப் பொடிக்கும் அவளுடைய அடுக்களைக்கும் என்ன சம்பந்தம்? முன்பு இங்கே அடுப்படியில் நின்றவர்களை நினைத்துக்கொண்டாள். சட்டென்று தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு அவள் கட்டிய உணவகம் அது. கல்யாண வீட்டில் கர்த்தர் தண்ணீரைத் திராட்சரசமாக்கிய ஊரின் பெயர் என்று 'கானாவூர்' எனப் பலகை எழுதினாள். பட்டாசு ஆர்டர் கொடுக்க வடக்கே இருந்து வருகிற பார்ட்டிகள் அதைச் சாப்பாட்டுக்கு இந்தியில் சொல்கிற 'கானா' என்று நினைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். வந்தவர்கள் முத்துக்கருப்பன் மாஸ்டரின் நாட்டுக்கோழிச் சாற்றைக் குடித்துவிட்டு அடுத்த வருஷமும் வந்தார்கள். மாஸ்டருக்குக் கூடமாட நின்றவள் அவர் மனைவி மாரிச்செல்வி. படிக்காத புருஷனும் பொஞ்சாதியும் அந்த வெள்ளைத் தட்டில் எதை எங்கே வைத்தாலும் அத்தனை அழகாக இருந்தது.

அந்த அடுக்களைக்கு ஒரு வழக்கம் உண்டு. எது கொதித்து இறங்கினாலும் முதல் கரண்டி டீச்சரின் உள்ளங்கைக்குத்தான். "கைய நீட்டுங்க டீச்சர்" என்பார் மாஸ்டர். அவள் நீட்டுவாள். நக்கிப் பார்த்துத் தலையை ஆட்டினால்தான் தட்டு வெளியே போகும். ஸ்பூனில் கொடுத்தால் இரும்பு ருசிதான் தெரியும் என்பது மாஸ்டரின் கட்சி.

போன சீசனில் மாரிச்செல்வியின் அக்காவுக்குக் கை முடியாமல் போனது. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பயராபீஸில் அவள் இடத்தில் போய் உட்கார ஆள் வேண்டும். தங்கச்சி போனால் மாஸ்டரும் கூடவே போவார், அவர் அப்படித்தான். ஞானஜோதிக்கு ஒரே கவலை. போனவர்கள் வராமல் போய்விட்டால் கானாவூர் என்ன ஆவது?

"தீவாளி கழிஞ்ச மறுநாளு அடுப்புக்கு வந்துருவோம் டீச்சர்" என்றார் மாஸ்டர்.

"வந்துருங்க. நீங்க வார வரைக்கும் இந்தக் கை வேற ஆளு கரண்டிக்கு நீளாது. சத்தியம்." மாஸ்டரின் கரண்டிமேல் அடித்தே சொன்னாள்.

மாரிச்செல்வி சிரித்தாள். "சத்தியம் பண்ணக் கூடாதுன்னு உங்க வேதத்துலயே போட்டுருக்குன்னு பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தவுக நீங்கதான?"

தீபாவளிக்கு முன்னாலேயே பயராபீஸில் அவர்கள் உட்கார்ந்திருந்த அறை வெடித்துவிட்டது. பெரியாஸ்பத்திரிச் சவக்கிடங்கில் இரண்டு பேரையும் துணி போட்டு மூடியிருந்தார்கள். மாரிச்செல்வியின் வலது கை மட்டும் துணிக்கு வெளியே, கருகாமல், வெள்ளியாக, உள்ளங்கை மேலே பார்க்கக் கிடந்தது. ஞானஜோதி அழுதாள். பொய்யில்லை, வாய்விட்டு அழுதாள். ஆனால் அழுகைக்கு நடுவிலேயே, நாளைக்கு வருகிற ஜெய்ப்பூர் பார்ட்டிக்கு யார் சமைப்பது என்றும் மனசுக்குள் ஓடியது.

கறுப்புக் கோட்டு, தலையில் தொப்பி, தோல் உறைக்குள் வரிசையாகக் கத்திகள் என்று புதுச் சமையல்காரன் விக்னேஷ்குமார் மதுரையிலிருந்து வந்தான். முதல் நாள் அவன் சாற்றை இறக்கியதும், பழக்கதோஷம், ஞானஜோதி கையை நீட்டிவிட்டாள். அவன் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கரண்டியைச் சாய்த்தான். உள்ளங்கையில் சூடு பட்ட பிறகுதான் அவளுக்குச் சத்தியம் ஞாபகம் வந்தது. செத்தவர்களுக்கு என்ன சத்தியம் என்று நக்கிக்கொண்டாள். சாற்றில் உப்பு ஒரு கல் குறைவு.

மறுநாளிலிருந்துதான் ஹால் மாறியது.

சாப்பிட வந்தவர்கள் பேசுவதை விட்டுவிட்டார்கள். முன்பெல்லாம் லோடு, லாரி, சீசன் என்று கூரை இடியும். இப்போது உறிஞ்சுகிற சத்தமும் மெல்லுகிற சத்தமும் மட்டும், எல்லா மேசையிலும் ஒரே தாளத்தில், கேட்கக் கேட்கக் காதுக்குள் ஏதோ ஊர்வது மாதிரி வந்துகொண்டிருந்தன. ஜெய்ப்பூர்க்காரர் கிண்ணத்தை முகத்துக்கு நேரே தூக்கி நாக்கால் வழித்தார். எழுந்து போகும்போது அவர் உதடு மின்னியது. ஞானஜோதி பார்த்தாள், பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு நாற்காலி காலியில்லை. கர்த்தர் கண் திறந்துவிட்டார் என்று ராத்திரி ஜெபத்தில் நன்றி சொன்னாள், பாவி.

தட்டுகளில் ரேகை தெரிந்த அன்றைக்கே விக்னேஷ்குமார் கத்திகளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து நின்றான்.

"நான் போட்ட உப்பு இல்ல டீச்சர் அது. நான் தாளிக்கவும் இல்ல. ஒரு நிமிசம் திரும்புறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கு. அடுப்பு முன்னால நின்னா பிடரியில யாரோ மூச்சு விடுறாங்க. ரெண்டு பேரு."

"ரெண்டு பேருன்னு எப்படித் தெரியும்?"

"ஒண்ணு பொம்பள மூச்சு."

போய்விட்டான். ராக்காயியும் அன்றோடு நின்றுகொண்டாள். ஞானஜோதி சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றினாள், அடுக்களையைப் பூட்டினாள், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். போதும் சாமி. கானாவூர் போனால் போகிறது. மாடியில் வீடு இருக்கிறது, வீட்டில் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிற மகள் எவாஞ்சலின் இருக்கிறாள். நாள் நெருங்கிவிட்டது. அந்தப் பிள்ளை நல்லபடியாகப் பூமியைப் பார்த்துவிட்டால் அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் வேண்டாம்.

இத்தனை மாதமும் எவாஞ்சலினுக்குக் கஞ்சித் தண்ணீர்கூடத் தங்கியதில்லை. வாந்தி எடுத்தே கன்னம் ஒட்டிப்போயிருந்தாள். இப்போதுதான் முகம் தேறியிருந்தது.

"என்னத்தச் சாப்பிட்ட எவா? நான் வச்ச ரசம் அப்படியே இருக்கே."

"நீங்க கீழேருந்து குடுத்து விட்ட சாறுதாம்மா. தெனமும் மத்தியானம் வருதுல்ல? அது மட்டுந்தான் வயித்துல நிக்கி."

ஞானஜோதி எதையும் கொடுத்துவிடவில்லை.

"யாரு கொண்டாந்தா?"

"மாரியக்காதான். என்னம்மா இப்படி முழிக்கீக? அவுக எப்ப வந்தாக, சொல்லவே இல்லையே நீங்க."

மகள் இரண்டு வருஷமாகப் பெங்களூரில் இருந்தவள். வாயும் வயிறுமாக இருக்கிற பிள்ளைக்குச் சாவுச் செய்தி சொல்லக் கூடாதென்று ஞானஜோதிதான் மறைத்து வைத்திருந்தாள். மகளைக் கட்டிலில் படுக்க வைத்தாள். விடிந்ததும் அழைத்துக்கொண்டு மல்லாங்கிணற்றில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட வேண்டும். அன்று ராத்திரி முழுக்க மகளின் கையைப் பிடித்தபடியே, கண்ணைச் சிமிட்டாமல் வேதவசனம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

விடிந்தது. துணிமணி எடுத்து வைத்தாள். கார் மத்தியானம்தான் வரும் என்றார்கள். சோறு உண்ட அசதி, ராத்திரித் தூக்கமில்லாத கண். மகளின் கட்டிலோரம் தலையைச் சாய்த்ததுதான் தெரியும்.

கீழே புகை இழுக்கிற காற்றாடி சுற்றுகிற சத்தத்தில் விழித்தாள்.

மல்லி வறுபடும் வாசனை. மிளகாய். கறிவேப்பிலை எண்ணெயில் விழுந்து படபடக்கிற ஓசை. அந்த வாசனைக்கு அடியில், வெடி வெடித்து ஓய்ந்த தெருவில் நிற்குமே, அந்தக் கந்தக நெடி. நாக்கில் எச்சில் ஊறியது. அதுதான் அவளை எல்லாவற்றையும் விடப் பயமுறுத்தியது.

கட்டில் காலி.

இடுப்பைத் தொட்டாள். சாவி இருந்தது.

"எவா!"

படி இறங்கினாள். கைப்பிடிச் சுவர் முழுக்க வெள்ளிக் கைகள். ஹாலில் நல்ல வெயில். எல்லா மேசையிலும் தட்டு வைத்திருந்தது. அடுக்களைக் கதவில் பூட்டு தொங்கியது. கதவு திறந்திருந்தது.

ரெகுலேட்டர் தரையில் கிடந்தது. அடுப்பு எரிந்தது. நீலமாக இல்லை. கம்பிமத்தாப்பு வெள்ளையாக.

அடுப்புக்கு முன்னால் இரண்டு முதுகுகள். தலைமுதல் கால்வரை வெள்ளி. துணி எது, தோல் எது என்று தெரியவில்லை. அவர்களுக்குப் பக்கத்தில் எவாஞ்சலின். நைட்டியோடு. தூக்கக் கலக்கச் சிரிப்போடு. வலது கையை நீட்டியபடி.

"கைய நீட்டுங்க" என்றது அந்தக் குரல். டீச்சர் என்று சொல்லவில்லை.

ஞானஜோதி பாய்ந்தாள். மகளின் கைக்கு மேலே தன் கையை விரித்தாள். "எனக்கு ஊத்துங்க மாஸ்டர். என் கையில. நான் குடிக்கேன், எம்புட்டு வேணாலும் குடிக்கேன். அவ வேண்டாம். பிள்ளத்தாச்சி. உங்க கால்ல விழுதேன்."

கரண்டி நின்றது. வெள்ளி முகம் மெல்லத் திரும்பியது. கண் இருந்த இடத்திலும் பொடி.

"அந்தக் கை வேற ஆளுக்கு நீண்டுருச்சே டீச்சர்."

கோபமே இல்லை. வருத்தமாகத்தான் சொன்னார்.

கரண்டி அவள் கையைச் சுற்றிக்கொண்டு போனது. சாய்ந்தது. எவாஞ்சலின் உள்ளங்கையை வாய்க்குக் கொண்டுபோனாள். நக்கினாள். உதடு மின்னியது.

"உப்பு சரியா இருக்கும்மா" என்றாள்.

கரண்டி மறுபடியும் சட்டியில் இறங்கியது. மாரிச்செல்வி குனிந்தாள். மகளின் வயிற்றுக்கு நேரே முகத்தை வைத்து, குழந்தைகளைக் கூப்பிடுகிற கொஞ்சலில் கூப்பிட்டாள்.

"நீங்களும் கைய நீட்டுங்க."

வயிறு அசைந்தது. நைட்டித் துணி ஓரிடத்தில் புடைத்தது. இழுபட்டது. உள்ளேயிருந்து ஒரு சின்னக் கை, ஐந்து விரலும் விரிய, உள்ளங்கை வெளியே பார்க்க அழுந்தி நின்றது. துணியில் அதன் ரேகை ஒவ்வொன்றாக ஊறியது.

வெள்ளியாக.