சரக்கறை மூடி

1953 நவம்பர் 9, திங்கள். இன்று ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். கப்பலின் அடியிலுள்ள சரக்கறையின் மூடியைக் கழற்றி வைக்காமலே அதற்குக் கண் திறந்துவிட்டேன். மாமா வீட்டு வழக்கப்படி, முகப்பில் கண் எழுதும்போது மூடி திறந்திருக்க வேண்டும். உள்ளே இருப்பது எதுவானாலும் வெளியே போய்விட வேண்டும். பொம்மைக் கப்பலுக்கும் இது உண்டா என்று தெரியவில்லை. யாரிடமும் கேட்கவில்லை.

எழுதியதை ஊதிக் காயவைத்தான் தேவப்பிரியம். ராயபுரத்தில் மாமா வீட்டு மாடியறை. ஜன்னலோரப் பலகைமேல் கப்பல் நின்றது, கை நீளத்துக்கு. போன வருஷம் அடைமழையில் எண்ணூருக்கு நேரே முழுகிப்போன மாமாவின் பாய்மரத் தோணி ‘வியாகுலமாதா’வை அளவு குறைத்து அவன் செய்தது. அதில் போன அவன் அண்ணன் எஸ்தாக்கி திரும்பவில்லை. உடலும் கரை சேரவில்லை. வருகிற ஞாயிறு வருஷப் பூசையில் இந்தக் கப்பலைக் கோயில் உத்தரத்தில் கட்டித் தொங்கவிடுவதாக நேர்ச்சை. கல்லறை இல்லாத அண்ணனுக்குப் பூமியில் இருக்கப்போகிற ஒரே இடம் அதுதான். அதில் பிசகு வரக் கூடாது.

ஆகையால் ஒவ்வொன்றுக்கும் யோசித்தான். அடிப்பாகத்துக்கு வார்னிஷா, உண்மைத் தோணிக்குப் போடுவதுபோல மீன் எண்ணெயா? பாயை விரித்து வைப்பதா, சுருட்டிக் கட்டுவதா? கயிற்றுக்குத் தேயிலைச் சாயம் போதுமா, கீல் எண்ணெய் தடவ வேண்டுமா? மாலை டிராயிங் வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி சாதகம் ஒரு பக்கம், பாதகம் ஒரு பக்கம் எழுதி, ஒரு முடிவுக்கு வந்து, படுத்த பிறகு அது தப்போ என்று புரண்டான். கடைசியில் வார்னிஷ்தான். முதல் பூச்சு போட்டாயிற்று.

அது காயவில்லை.

“இன்னா மாமு, கப்பலு எப்போ சிங்கப்பூர் போவுது?” மறுநாள் வகுப்பில் பக்கத்துப் பெஞ்சு ஹபீபுல்லா கேட்டான். வண்ணாரப்பேட்டையில் அவன் வாப்பாவுக்குப் பெயின்ட் கடை. வார்னிஷ் அங்கே வாங்கியதுதான்.

“உன் வார்னிஷ் காய மாட்டேங்குது. தொட்டா ஈரம்.”

“மழைல அடிச்சா அப்டித்தான் பேஜாரு பண்ணும். எங்கடை சரக்க கொற சொல்லாத, சொல்ட்டேன்.” தேவப்பிரியத்தின் விரலைப் பிடித்து இழுத்து மோந்தான். சிரிப்பு பாதியில் நின்றது. “டேய், இது வார்னிஷ் நாத்தமே இல்ல. ரொம்ப நாள் தண்ணில கெடந்த மரம் மாதிரி கீது. கலீஜு. போய் கைய கழுவு.”

கழுவினான். போகவில்லை.

அன்று இரவு வீடு திரும்பி விளக்கைத் திரியேற்றிப் பார்த்தபோது, கப்பலின் விலாவில் ஒரு கோடு தெரிந்தது. கோட்டுக்குக் கீழே மரம் நனைந்து கறுத்திருந்தது, மேலே உலர்ந்து வெளுத்திருந்தது. ஜன்னல் சாத்தித்தான் இருந்தது, கூரையிலும் ஒழுக்கு இல்லை. மறுநாள் அந்தக் கோடு இன்னும் மேலே ஏறியிருந்தது. துறைமுகத்து எஞ்சின்கள் கூவி ஓய்ந்த இடைவெளிகளில், மழை ஓடுகளில் மெல்லத் தட்டிக்கொண்டிருக்க, அதனோடு சேராத ஒரு சத்தம் அறைக்குள் கேட்டது: நகத்தால் மரத்தைச் சுரண்டுவதுபோல, விட்டுவிட்டு, களைத்துப்போனவர் ஓய்வெடுத்துக்கொண்டு மறுபடி தொடங்குவதுபோல. எலி என்று எண்ணிக்கொண்டான். பலகைக்கு அடியில் குனிந்து பார்த்தான். எலி இல்லை.

கீழே சாப்பிடும்போது மாமா கேட்டார். “கப்பல் எதுவரைக்கும் வந்திருக்குல?”

ஆசீர்வாதம் மாமாதான் அந்தத் தோணிக்குச் சொந்தக்காரர், அதை ஓட்டிப்போன தண்டலும் அவரே. தாய் தகப்பன் போன பிறகு அண்ணனையும் தம்பியையும் தூத்துக்குடியிலிருந்து கூட்டிவந்து தன் பிள்ளைகளாக வளர்த்தவர். மழை நாளில் வகுப்பு வாசலுக்கே குடை கொண்டுவந்து நிற்பார். தோணி முழுகிய அன்று இரண்டு ஆட்களோடு சிறு படகில் கத்திவாக்கம் கரையில் ஒதுங்கினார். தண்ணீர் இறைக்கச் சரக்கறையில் இறங்கிய ஆட்கள் மேலே வருமுன் தோணி முழுகிவிட்டது, மேல்தளத்தில் நின்ற எஸ்தாக்கியை அலை வாரிக்கொண்டு போயிற்று என்றார். அதைச் சொல்லும்போதெல்லாம் அழுவார்.

“மூடி மட்டும் யோசிக்கிறேன் மாமா. கழற்றி மாட்டுற மாதிரி செஞ்சிருக்கேன். அப்படியே விடலாமா?”

“ஆணி அடிச்சிரு.”

“அண்ணன் சரக்கறையிலதான படுப்பான். பார்க்கிறவங்க உள்ளேயும் பார்க்கட்டுமேன்னு…”

“உள்ள என்னத்தல பாக்கப் போறாவ?” மாமாவின் கையில் சோற்றுருண்டை அந்தரத்தில் நின்றது. பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். “குளவி கூடு கட்டிரும் தேவா. அடிச்சிரு.”

அத்தை அவர் தட்டில் மீன் வைத்தாள். அவர் தொடவில்லை.

வியாழக்கிழமை வகுப்பு முடிந்து மாடியேறியபோது நாற்றம் படியிலேயே வந்து மூக்கில் ஏறியது. விளக்கேற்றினான். நனைந்த கோடு மேல்தளத்துக்கு வந்துவிட்டிருந்தது. சரக்கறை மூடியின் நான்கு மூலையிலும் ஆணி. அவன் வைத்திருந்த பித்தளை ஊசிகள் அல்ல. செருப்புக்கு அடிக்கிற துருப்பிடித்த ஆணிகள். அவசரத்தில் அடித்தது. ஒன்று வளைந்து, அதையே மடக்கி அடித்திருந்தது.

மாமா. தன்னைக் கேட்காமல் தொட்டுவிட்டாரே என்பதுதான் முதலில் வலித்தது. பெரிய வலியல்ல. அவருடைய தோணி, அவருடைய நேர்ச்சை.

பிறகு தட்டும் சத்தம் கேட்டது.

சுரண்டல் அல்ல. தட்டல். உள்ளேயிருந்து.

மூச்சைப் பிடித்துக்கொண்டான். தட்டல் நின்றது. விட்டான். மறுபடி தட்டியது. தன் மூச்சை உள்ளேயிருந்து யாரோ கேட்கிறார்கள் என்று புரிந்தது.

கத்தி முனையால் நெம்பினான். ஆணிகள் ஒவ்வொன்றாக வந்தன. மூடியைத் தூக்கித் திருப்பினான். அடிப்பக்கத்தை அவனே உப்புத்தாள் போட்டு இழைத்திருந்தான், கண்ணாடி மாதிரி. இப்போது மயிரிழை மயிரிழையாகக் கீறல்கள். நூற்றுக்கணக்கில். எல்லாம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி, திறக்கிற பக்கம் தேடி.

விளக்கை அருகே பிடித்தான்.

தண்ணீர். கறுப்பு. கப்பலைச் சாய்த்தான். சிந்தவில்லை. கப்பலின் அடி பலகையைத் தொட்டு நிற்க, உள்ளே ஆழம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது, பலகைக்குக் கீழே, தரைக்குக் கீழே. அந்த ஆழத்தில் வெளுப்பாக ஏதோ அசைந்தது. மேலே வந்தது.

கைகள்.

நெல்மணி அளவு. உள்ளங்கை மேல்நோக்கி. ஒன்றல்ல. தண்ணீர் இறைக்க இறங்கிய அத்தனை பேரும், அவர்களோடு அண்ணனும்.

“ஏம்ல பிடுங்கின?”

வாசலில் மாமா. வேட்டி மடித்துக் கட்டி, வெறுங்காலோடு, சத்தமில்லாமல் வந்திருந்தார். கப்பலைப் பார்க்கவில்லை.

“மாமா, அண்ணன் மேல்தளத்துல நின்னான்னு சொன்னீங்களே.”

உள்ளே ஒரு தட்டல். மாமாவின் கண் இமை துடித்தது. அவருக்கும் கேட்கிறது. எத்தனையோ நாளாகக் கேட்கிறது.

“சின்னப் படகுல்ல அது. மூணு பேருக்கே தண்ணி ஏறிச்சு. அவனுவ எல்லாரும் மேல வந்திருந்தா ஒருத்தனும் மிஞ்சியிருக்க மாட்டோம்.”

“சரக்கறைய நீங்களா பூட்டினீங்க?”

“எம்பேரச் சொல்லித்தாம்ல தட்டினான். மாமா, மாமான்னு.” அழவில்லை. இத்தனை மாதம் அழுத மனுஷன் இப்போது அழவில்லை. மூலையில் கிடந்த சிறு சுத்தியை எடுத்து நீட்டினார். “அடிச்சிரு தேவா. கீழ அத்தை இருக்கா. எஸ்தாக்கிய அவதான் தூக்கி வளத்தா. இது அவ காதுல விழக் கூடாது.”

கத்தியிருக்கலாம். கத்துவதற்கு வாயைத் திறந்தான். கீழே அத்தை செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். தாழ்ந்த, நம்பிக்கையான குரல். வாயை மூடிக்கொண்டான்.

சுத்தியை வாங்கினான்.

மூடியை வைத்தான். அது பொருந்தவில்லை. கட்டைவிரலால் அழுத்தினான். அடியிலிருந்து தள்ளியது. பூச்சி தள்ளுகிற பலம்தான். ஆனால் தள்ளியது. விடாமல். எல்லாரும் சேர்ந்து. மாமா விளக்கை உயர்த்திப் பிடித்தார். முதல் ஆணி. தள்ளல். இரண்டாவது. உள்ளே ஒரு குரல், கொசுவின் ரீங்காரம் அளவுக்கு மெலிந்த குரல். மாமாவின் பேரை அது சொல்லவில்லை. சின்னவனே என்றது. வீட்டில் அவனை அப்படிக் கூப்பிட்டது ஒரே ஆள்தான்.

மூன்றாவது ஆணி.

நான்காவதை அடிக்கும்போது கட்டைவிரலுக்கு அடியில் அது இன்னும் தள்ளிக்கொண்டிருந்தது.

1953 நவம்பர் 12, வியாழன். மூடி அடித்தாயிற்று. நாளை: மூடியின் விளிம்பை மெழுகு வைத்து அடைத்து, இரண்டாம் பூச்சு வார்னிஷ் போட வேண்டும்.