கேன்டீன் பெட்டி கண் சிமிட்டியது!

கம்பெனி ஸ்டோர் ரூமில் ஸ்டோர் கீப்பர் குப்புறக் கிடந்தார்.

பின்மண்டையில் ரத்தம்... மூச்சு இல்லை!

"பதினொன்னே காலுக்கு அடிச்சிருக்கான்" என்றார் இன்ஸ்பெக்டர். "அப்ப இங்க யார் இருந்தா?"

மேனேஜர் முந்திக்கொண்டார். "வைஃபை கன்ட்ரோலர் மெஷினைக் கேளுங்க சார்! ஒவ்வொரு ரூம் கூரையிலயும் வைஃபை பெட்டி இருக்கு. யார் போன் எந்தப் பெட்டியில இருந்துச்சுன்னு புட்டுப் புட்டு வைக்கும்!"

நெட்வொர்க் இன்ஜினியர் லேப்டாப்பைத் திறந்தார்.

'ஸ்டோர்' பெட்டியில் அந்த நேரம் ஒரே ஒரு போன்.

இன்ஜினியருடைய தங்கை புருஷனின் போன்!

"சத்தியமா நான் கேன்டீன்ல டீ குடிச்சுட்டு இருந்தேன் மச்சான்!" பேக்கிங் பிரிவிலிருந்து இழுத்து வரப்பட்ட மாப்பிள்ளை கதறினார்.

"கேன்டீன்ல நான் மட்டும்தான் இருந்தேன். பாருங்க!" என்றார் மேனேஜர்.

பார்த்தார்கள். 'கேன்டீன்' பெட்டியில் மேனேஜரின் போன் மட்டும்!

மாப்பிள்ளை கையில் விலங்கு ஏறியது.

இன்ஜினியருக்குச் சட்டென்று நினைவு வந்தது. போன மாதம் பெயின்ட் அடிக்க ஸ்டோர், கேன்டீன் இரண்டு பெட்டிகளையும் கழற்றினார்கள். திரும்ப மாட்டியதும் ஏணியில் ஏறி நம்பர் பார்க்க வேண்டியது அவர் வேலை. சோம்பல்! ஏறாமலே 'சரிபார்த்தாச்சு' என்று கையெழுத்துப் போட்டிருந்தார்.

சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் தங்கையின் வாழ்க்கையே போகும்!

கூனிக் குறுகி நின்றார். பிறகு, லேப்டாப்பில் 'கேன்டீன்' பெட்டியின் விளக்கைச் சிமிட்ட வைக்கும் பட்டனைத் தட்டினார்.

பிணத்துக்கு நேர் மேலே... கூரையில்... நீல விளக்கு சிமிட்டியது!

"கேன்டீன் பெட்டி இங்க எப்படிய்யா வந்துச்சு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மாத்தி மாட்டிட்டாங்க சார். நான் பார்க்கலை... பார்த்ததா பொய்க் கையெழுத்துப் போட்டேன். வெட்கமா இருக்கு சார்."

"அப்படின்னா பதினொன்னே காலுக்கு இந்த ரூம்ல இருந்தது..."

எல்லாத் தலைகளும் மேனேஜர் பக்கம் திரும்பின.

"மெ... மெஷின் தப்பு!"

"மெஷின் தப்பு இல்ல சார், என் தப்பு. பதினொன்றரைக்கு என் ரூமுக்கு வந்து இதே லிஸ்டைத்தானே பார்த்தீங்க? 'கேன்டீன்'னு இருந்ததும் சிரிச்சுட்டே போனீங்க!"

ஓட முயன்ற மேனேஜரை இன்ஸ்பெக்டர் கொத்தாகப் பிடித்தார்!

இன்ஜினியரால் தலை நிமிர முடியவில்லை.

"மன்னிச்சிடுங்க மாப்ள..."

"நான் மன்னிச்சுட்டேன் மச்சான்" என்றார் மாப்பிள்ளை, விலங்கு கழன்ற மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே. "ஆனா நடந்ததை உங்க தங்கச்சிகிட்ட நீங்களே சொல்லிடுங்க... அந்த மேனேஜருக்காவது ஜாமீன் கிடைக்கும், அவகிட்ட உங்களுக்குக் கிடைக்காது!"