கூரை வேண்டாத நான்கு சுவர்

மழை சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. குடிசை குடிசையாகப் போய்க் காய்ச்சல் கணக்கெடுத்துத் திரும்பிய நர்ஸ், நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். மலையிலிருந்த பழங்குடிப் பெண்களுக்காக, சுகாதார நிலையத்துக்குப் பின்னால் புதிதாக ஒரு குளியலறை எழும்பிக்கொண்டிருந்தது. அதற்குள் நுழைந்தாள்.

உள்ளேயும் மழை பெய்தது!

அண்ணாந்து பார்த்தாள். நான்கு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேலே சுவர்... அதற்கு மேலே வானம்.

வாசல் வழியே எட்டிப் பார்த்தாள். வெளியே தார்ப்பாய்க்கு அடியில், சிமெண்ட் மூட்டைகளோடு மூட்டையாக உட்கார்ந்திருந்தான் கொத்தனார். சிரிப்பை ஒளிக்கத் தெரியாத கண்கள்...

"கூரை எங்கே?"

"போடலைங்க."

"அதான் தெரியுதே! ஏன் போடலை?"

"வேணாங்க. இப்படி வாங்க, மூட்டைக்குப் பக்கத்துல எடம் இருக்கு."

அவள் போகவில்லை. வீம்புக்கு வானத்தின் கீழேயே நின்று நனைந்தாள். அந்தப் பக்கம் திரும்பக் கூடாது என்று முடிவு செய்திருந்தாள். இரண்டு தடவைதான் திரும்பினாள்.

மறுநாள் அடிவாரத்திலிருக்கும் டாக்டருக்கு எழுதிப் போட்டாள்: கொத்தனார் வேலையைப் பாதியில் விட்டிருக்கிறார்.

அவள் அங்கே வந்து ஆறு மாதம். வந்த நாளிலிருந்து ஒரே பாட்டு... "மாதவிலக்குத் துணியை நல்லா துவைங்க. வெயில்ல காயப்போடுங்க. ஈரத்தோட கட்டினா புண்ணாகும்." பெண்கள் தலையாட்டுவார்கள். வீட்டுக்குப் போய், வெளிச்சம் படாத மூலையில், பாய்க்கு அடியில் ஒளித்துக் காயவைப்பார்கள். ஆண் கண் அந்தத் துணியில் பட்டால் அந்த ஆணுக்கே ஆகாது என்பது அவர்கள் நம்பிக்கை. பெற்ற மகனுக்கு யார்தான் கெடுதல் நினைப்பார்கள்? அரிப்பு, புண், காய்ச்சல் என்று மறுபடி அவளிடமே வருவார்கள். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று அவளும் அலுத்துப் போயிருந்தாள்.

ஒரு வாரம் கழித்து டாக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார். டிரைவர், காவலாளி, வேடிக்கை பார்க்க வந்த ஆண்கள்... அத்தனை பேர் முன்னாலும் கேட்டார்.

"ஏம்ப்பா, கூரை இல்லாம ஒரு குளியலறையா? யாரு சொன்னா?"

கொத்தனார் சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். வாய் திறந்தான்... மூடிக்கொண்டான்.

"ரெண்டு நாள்ல போடு. இல்லேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறோம்."

"சரிங்க."

ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஜெயித்தது அவள்தான். ஆனால் அன்று மதியம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் கொத்தனாரின் அக்கா வந்தாள். கூட ஏழெட்டுப் பெண்கள்.

"சிஸ்டர், கூரை வேணாம்னு சொன்னது நாங்கதான்."

"நீங்களா?"

"போன வருசம் எனக்குப் புண்ணு சீழ் வெச்சு, காய்ச்சல்ல பேச்சே நின்னு போச்சு. தம்பிதான் முதுகுல தூக்கிட்டு மலையிறங்கினான். இப்போ இந்த வேலை வந்ததும், அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கிட்டு என்னைக் கேட்டான். அக்கா, எப்படிக் கட்டினா துணியை வெயில்ல போடுவீங்கன்னு. சுவரை உசத்திக் கட்டு, மேல தெறந்து விடுன்னேன். வெயிலு உள்ள வரும்... ஆம்பளைக் கண்ணு வராது."



"இதை அவர் டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"அத்தனை ஆம்பளைங்க நடுவுலயா? எங்க மானம் என்னாகறது?"

"என்கிட்டயாவது நீங்க சொல்லியிருக்கலாம்ல..."

அக்கா சாதாரணமாகத்தான் சொன்னாள். "நீங்க ஒருநாளும் கேக்கலையே, சிஸ்டர்."

அறைந்தது போலிருந்தது. ஆறு மாதம் வாய் வலிக்கப் பேசியவள், காது கொடுத்தது எத்தனை நாள்?

அன்றே டாக்டருக்குப் போன் செய்தாள். தப்பு தன்னுடையது என்றாள், காரணத்தையும் சொன்னாள். டாக்டர், "அப்போ அப்படியே இருக்கட்டும்மா," என்றார்.

மறுநாள் காலை குளியலறைக்குப் போனாள். கொத்தனார் சுவர் பூசிக்கொண்டிருந்தான். கூரைத் தகடுகள் வாசலில் அடுக்கியிருந்தன.

"அதையெல்லாம் திருப்பி அனுப்பிடுங்க. டாக்டர்கிட்ட பேசிட்டேன்... என்னை மன்னிச்சிடுங்க."

"அட, விடுங்க. கூரை இல்லாத வீட்டைப் பார்த்தா யாருக்கும் கோவம் வரத்தான் செய்யும்."

"நான் கேட்டிருக்கணும்."

"இப்போ கேட்டுட்டீங்கல்ல..."

போய்விடலாம்தான். கால் நகரவில்லை. சுவரைத் தடவிப் பார்த்தாள்.

"இது காய்ஞ்சுதானே இருக்கு? மறுபடி ஏன் பூசறீங்க?"

கரண்டி நின்றது.

"வேலை போன வாரமே முடிஞ்சிடுச்சுங்க... அடுத்த ஊர்ல கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க."

"அப்புறம் போக வேண்டியதுதானே?"

"போனா... தினம் காலையில நீங்க நோட்டைத் தூக்கிட்டு இந்த வழியா நடக்கறதை யாரு பாக்கறது?"

அவளுக்குக் காது வரை சூடேறியது. கோபப்பட்டுப் பார்த்தாள், வரவில்லை.

"என்னைத் திட்டற நர்சுன்னுதானே நெனச்சீங்க?"

"அதுவும்தான்... ஊரே உங்களை சிஸ்டர்ங்குது. எனக்கு மட்டும் அந்த வார்த்தை வாய்ல வரமாட்டேங்குதுங்க. நான் என்ன செய்ய?"

சிரிப்பு அவளை மீறிக்கொண்டு வந்தது. அதன் பின்னாலேயே, காரணம் தெரியாமல், கண்ணும் நிறைந்தது.

"அந்த வார்த்தை வரவே வேணாம்," என்றாள். "எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு."