கழியாத பதிவுகள்

சனிக்கிழமை மத்தியானம், வாசற்கதவுப் பூட்டில் சிவப்பு விளக்கு சிமிட்டியது. நினைவகத்தில் இடமில்லை என்று அர்த்தம். அவளுக்குச் சுருக்கென்றது. அந்தப் பூட்டுக்குள் ஓடும் நிரலை எழுதியவளே அவள்தான். விற்பனைக்குப் போகும் முன் சொந்த வீட்டிலேயே மாட்டி, மூன்று மாதமாகச் சோதித்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே இருப்பது நகக்கண் அளவு ஃபிளாஷ் சிப். எழுதியதன் மேலேயே திருத்தி எழுத அது விடாது. இடம் தீர்ந்தால், வேண்டிய பதிவுகளைப் புதுப் பக்கத்துக்கு மாற்றிவிட்டு, பழைய பக்கத்தை மொத்தமாகத் துடைக்க வேண்டும். எது வேண்டியது? அவள் வைத்த விதி ஒன்றே ஒன்று. விரல் வைத்து உள்ளே வந்தவர், மறுபடி விரல் வைத்து வெளியே போகும்வரை அவர் வந்த பதிவு அழியக்கூடாது. தீப்பிடித்தால் உள்ளே எத்தனை பேர் என்று தெரிய வேண்டுமே!

லேப்டாப்பைச் செருகிப் பார்த்தாள். அறுபத்து நான்கு பதிவுகள். ஒன்றைக்கூட அழிக்க முடியாது. அதில் ஒன்று அவளுடையது. மீதி அறுபத்து மூன்றும் அவள் கணவருடையது. வேலை நாள் தவறாமல் சாயங்காலம் ஏழு மணி சுமாருக்கு உள்ளே. வெளியே போனதாக ஒன்றுமே இல்லை.

அலுவலகத்தில் பிழை பிடிக்கும் தோழிக்குப் பதிவுகளை அனுப்பிவிட்டு ஃபோன் போட்டாள். அங்கே எல்லாருக்கும் அவள் ‘கொசு’.

“உன் நிரல்ல ஓட்டை இல்லடி. நீ போனது வந்ததெல்லாம் ஒழுங்காத்தான் கழிஞ்சிருக்கு. உன் வீட்டுக்காரர்தான் வேலைக்கே போறதில்ல போல!”

“போகாமலே எப்படிடி தினமும் வர்றார்?”

“ஜன்னல் வழியா எகிறிக் குதிக்கிறாரோ என்னவோ. எவ வீட்டுக்குன்னு கேட்டுப் பாரேன்!” கொசு சிரித்தாள்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. காலை எட்டுக்கே அவள் கிளம்பிவிடுவாள். ஒன்பதுக்குக் கிளம்புவதாக அவர் சொன்னதைத்தான் இத்தனை நாளும் நம்பினாள். வேலை போய்விட்டதா? இல்லை, நிஜமாகவே வேறு யாராவது? பத்து வருஷக் குடித்தனம் ஆட்டம் கண்டது. இன்றைக்குக் கேட்டே தீருவது.

படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. சாப்பிட்ட கையோடு தூங்கப் போனவர். கிட்டே போகப் போக, அவருடைய வியர்வையும் அவர் போடும் சோப்பின் வாசமும் கலந்து, கூட்டம் நெரியும் பஸ்ஸுக்குள் ஏறினாற்போல முகத்தில் அடித்தது. ஒரு மூச்சு முடியுமுன்னே இன்னொன்று தொடங்குவதுபோல, குறட்டை இடைவெளியே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

“ஏங்க...”

குறட்டை நின்றது. சட்டென்று. மொத்தமாக.

வாசற்கதவை யாரோ தட்டினார்கள்.

“என்னம்மா, பூட்டு என் விரலை ஏத்துக்க மாட்டேங்குது.”

அவர் குரல். வெளியிலிருந்து. அவள் வாசல் பக்கம் திரும்பினாள்.

“நீங்க... உள்ளதானே படுத்திருந்தீங்க?”

“ஆமா. இடமில்லைன்னு காட்டுதா? உள்ள இருக்கிறவங்களைக் கொஞ்சம் நெருங்கிப் படுக்கச் சொல்லேன்.”

அவள் சொல்லத் தேவையிருக்கவில்லை.

பின்னால் சரசரப்பு. தோளோடு தோள் உரசும் சத்தம். கீல் முனகியது. படுக்கையறைக் கதவு ஒரு சாண் விலகியது.

தரையிலிருந்து கூரைவரை.

அவர். அவர். அவர்.

ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்த அத்தனை முகங்களும் அவளையே பார்த்தபடி, நடுவில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு ஒதுங்கிக்கொண்டிருந்தன.