திருப்பித் தட்டியவன்

பேய்க்கதைக்கு இருட்டு வேண்டும் என்பார்கள். ஷெர்வினின் கார் மைசூர் மைன்ஸ் திருப்பத்தில் இரண்டு முறை இருமிவிட்டு நின்றபோது மத்தியானம் பன்னிரண்டு மணி. வெயில் மண்டையைப் பிளந்தது.

போன வாரம் வாங்கிய பழைய டீசல் வண்டி. பத்து வருடம் ஸ்கூட்டர் ஓட்டியவனின் நாக்கு, பங்க்கில் கேட்டதும் பழக்கத்தில் 'பெட்ரோல்' என்று சொல்லிவிட்டது. பங்க் பையனைத் திட்டவும் முடியாது. பக்கத்து சீட்டில் மனைவி லூயிசா எட்டு மாத வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து குழந்தை அசையவில்லை. ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

மெக்கானிக் நாகேஷுக்குப் போன் போட்டான். பத்தே நிமிடத்தில் வேனில் வந்து லூயிசாவைக் கூட்டிப் போவதாகச் சொன்ன நாகேஷ், ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னான்.

"சாவியத் தொடாதீங்க சார். ஒரு தபா ஆன் பண்ணாலும் இன்னும் பெட்ரோல் இன்ஜினுக்குள்ள பூந்துடும்."

ஷெர்வின் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். சாலையில் ஈ காக்கை இல்லை. வேலிக்கு அப்பால், மூடிக்கிடக்கும் தங்கச் சுரங்க ஷாஃப்டின் இரும்புச் சட்டம் துருப்பிடித்து நின்றது. தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைடு மேட்டிலிருந்து வெள்ளைத் தூசி கிளம்பி வந்து கண்ணாடியில் படிந்தது.

டக். டக். டக்.

காருக்கு அடியிலிருந்து வந்தது.

ஷெர்வினின் அப்பா ஷாஃப்டில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜுக்கு மணி அடித்தவர். கீழேயிருந்து மூன்று மணி வந்தால், ஆட்கள் ஏறிவிட்டார்கள் என்று அர்த்தம். மேலே இருப்பவர் அதே மூன்றைத் திருப்பி அடிக்க வேண்டும். 'கேட்டுவிட்டது, தூக்குகிறேன்' என்று பொருள். அவர்கள் குடியிருந்த சுரங்கத் தொழிலாளர் லைனில் குளியலறைக் கதவைத் தட்டினால்கூட, உள்ளே இருப்பவர்கள் எத்தனை தட்டோ அத்தனையைத் திருப்பித் தட்டுவார்கள். யாரும் யோசித்துச் செய்வதில்லை.

ஷெர்வினும் யோசிக்கவில்லை. விரல் முட்டியால் டாஷ்போர்டில் மூன்று தட்டு தட்டிவிட்டான்.

காரின் பின்பக்கம் தாழ்ந்தது.

மறுபடி தாழ்ந்தது.

மூன்றாவது முறையும் தாழ்ந்தது. கதவு எதுவும் திறக்கவில்லை.

நனைந்த பாறையின் வாடை காருக்குள் நிறைந்தது. சுரங்கம் மூடி இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. கீழே முழுக்கத் தண்ணீர் என்பது ஊருக்கே தெரியும்.

"இன்னாங்க, பின்னாடி யாரோ மூச்சு வுடறாங்க," என்று கிசுகிசுத்தாள் லூயிசா.

"திரும்பாத. மெதுவா எறங்கு."

அவளைத் தாங்கிப் பிடித்து இறக்கிச் சாலையோரம் நிறுத்தினான். அப்போது நாகேஷின் வேன் வந்தது. லூயிசாவை ஏறச் சொல்லிவிட்டு, காரை ஓரம் தள்ளலாம் என்று போன நாகேஷ் பின்கண்ணாடியில் குனிந்து, இறங்கும்படி யாரிடமோ மரியாதையாகச் சொன்னான். சற்று நேரம் காது கொடுத்துக் கேட்டான். பிறகு ஷெர்வின் பக்கம் திரும்பினான்.

"எறங்க மாட்டாங்களாம் சார். மேல தூக்கறேன்னு நீங்கதான் சொன்னீங்களாமே?"

நாகேஷ் மறுபடி குனிந்து பார்த்தான்.

"எங்க போய்ட்டாங்க?" என்றான். சீட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

வேன் படியில் ஒரு காலை வைத்திருந்த லூயிசா அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு கையும் வயிற்றின் மேல் இருந்தன.

"அசையுதுங்க," என்றாள்.

காலையிலிருந்து ஷெர்வின் ஜெபித்ததெல்லாம் இந்த ஒரு வார்த்தைக்காகத்தான். ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்தான். அவள் முகத்தில் பொட்டு ரத்தமில்லை.

"உள்ள நெறைய கை இருக்குதுங்க."