ஐந்தாவது பூச்சி

தையல்நாயகி கதிரிலிருந்து ஒரு நெல்லை உருவிக் கடித்தாள். முகத்தைச் சுளித்து, தூர் ஓரமாகத் துப்பினாள். வேப்பங்கொட்டையை மென்றது போலக் கசப்பு. நேற்றைவிட இன்று அதிகம்.

அடுத்த நிமிடமே வரப்பில் நட்டிருந்த தழைக்கேட்பியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அதன் திரையைப் புடவைத் தலைப்பால் துடைத்துப் படித்தாள்.

"தாக்கும் உயிர்: ஐந்து. பெயரில்லை."

பன்னிரண்டு நாளாக இதே செய்திதான். இது எச்சிலறி நெல். எந்த உயிரின் எச்சில் மூன்று முறை மேலே பட்டாலும் பயிர் அந்த உயிரை எதிரி என்று தெரிந்துகொள்ளும். வேர் வழியாக வயல் முழுக்கச் சொல்லிவிடும். பிறகு அந்த எதிரியின் வாயில் மட்டும் கசக்கும் ஒரு சாறு, இலை முதல் மணி வரை ஊறும். மற்ற வாய்களுக்கு ஒன்றும் தெரியாது. இலைகள் விடும் வாசனையைப் படித்து, யார் கடிக்கிறார்கள் என்று சொல்வதுதான் தழைக்கேட்பியின் வேலை. குருத்துப்பூச்சி, புகையான், இலைச்சுருட்டுப் புழு, கதிர்நாவாய்ப்பூச்சி என்று நான்கையும் இந்த வயல் விரட்டிவிட்டது. மாவட்டத்தில் பூச்சிமருந்துக் கடை வைத்திருந்தவர்கள் எல்லாம் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள்.

அந்த ஐந்தாவது எது? தூர் தூராக விலக்கிப் பார்த்தாள். வலை வீசினாள். விளக்குப்பொறி வைத்தாள். ஒரு கால்கூட அகப்படவில்லை. நாளை அறுவடை. இது விதைப் பண்ணை; எண்பது ஊருக்கு இங்கிருந்துதான் விதை போக வேண்டும். தாய்ப்பயிர் கற்றதெல்லாம் விதையிலும் இருக்கும். உட்கார முடியாமல் வரப்பில் நடந்தாள். நடக்கும்போதே இன்னொரு நெல்லை உருவினாள்.

"ஏ தையலு, வரப்பு தேஞ்சுடும், நில்லு!" வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வயல்காரர் பக்கிரிசாமி சிரித்தார். அவருடையதும் அதே நெல்தான்.

"உங்களுக்கென்ன பெரியப்பா, உங்க கேட்பியில பச்சை எரியுது. சிரிப்பீங்க."

விதை ஆய்வாளர் அன்வர்தீன் எட்டு மணிக்கு வந்தார். ஒரு மணியை வாயில் போட்டவர் உடனே துப்பிவிட்டு, இரண்டு முறை கொப்பளித்தார்.

"வேக வெச்சுப் பார்த்தீங்களாம்மா?"

"சோறும் கசக்குது சார். அறுத்துப் போட்டா ஆடு திங்குது, குருவி திங்குது. மனுஷன் வாயில வெக்க முடியல."

அவர் தழைக்கேட்பியின் பழைய பதிவுகளைத் திறந்தார். ஒவ்வொரு நாளாக விரலால் தள்ளிப் பார்த்தார்.

"தினமும் காலையில ஆறு, ஆறே கால். சாயங்காலம் அஞ்சு. நடுவுல ரெண்டு நாள் மட்டும் கடியே இல்ல. பதினாலாம் தேதி, பதினஞ்சாம் தேதி. அன்னிக்கு மருந்து ஏதும் அடிச்சீங்களா?"

"ஊர்லயே இல்லையே சார். கும்பகோணத்துல கொழுந்தன் மக கல்யாணம்."

சொல்லி முடித்தபோது அவள் கை ஒரு கதிரைப் பிடித்திருந்தது. அன்வர்தீன் அந்தக் கையைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். பால் பிடித்ததா, முற்றியதா என்று கடித்துப் பார்த்துத் துப்பாமல் எந்த விவசாயி வயலைச் சுற்றுவான்?

"நானா சார்?" கதிரைச் சட்டென்று விட்டாள். "நான் ஒருத்திதானே கடிச்சேன். உங்களுக்கு ஏன் கசக்கணும்?"

"புகையான்ல அண்ணன் தம்பி பார்க்குதா அது? மனுஷன்னா மனுஷன்தான்."

"அப்ப விதை?"

"இதை ஆட்டுக்குத்தான் போடணும்."

அவள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எரிந்த பச்சை விளக்கைக் காட்டினாள். சற்று நேரத்தில் மூவரும் பக்கிரிசாமியின் வயலில் நின்றார்கள்.

"பெரியப்பா, நீங்க கடிச்சுப் பார்க்கறதில்லையா?"

"எதை வெச்சுக் கடிக்க? பல்செட்டைக் கழட்டி மாடத்துல வெச்சுட்டுல்ல வர்றேன்! நகத்தால கீறிப் பார்ப்பேன், அவ்வளவுதான்."

அன்வர்தீனுக்கு உயிர் வந்தது. "விதை இங்கேருந்தே போகட்டும். எண்பது ஊருக்கும் இப்பவே சுற்றறிக்கை அனுப்பிடறேன்." கைபேசியை எடுத்துச் சொல்லத் தொடங்கினார். "எச்சிலறி நெல் பயிரிடுவோர் கவனத்திற்கு. கதிரைக் கடித்துப் பார்த்து வயலில் துப்புவதை..."

தையல்நாயகிக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. எண்பது ஊர். எத்தனை வாய்? பல்லிடையில் ஏதோ 'நறுக்' என்றது. தித்திப்பு. வாயில் எச்சில் ஊறிய பிறகுதான் என்ன செய்திருக்கிறாள் என்று அவளுக்கு உறைத்தது. உமியோடு விழுங்கினாள். தொண்டையை அறுத்துக்கொண்டு இறங்கியது. கண்ணில் நீர் முட்டியது.

"இனிக்குது சார்," என்றாள் இருமலுக்கு நடுவில்.

"நிஜமாவா?" அன்வர்தீனின் முகம் மலர்ந்தது. கைபேசி இல்லாத கை ஒரு மணியை உருவி வாயில் போட்டது. "ஆமாம்மா! நல்லாவே முத்தியிருக்கு!" பக்கத்துத் தூரில் தூவென்று துப்பிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். "...அறவே தவிர்க்க வேண்டும்."

அவர் முதுகுக்குப் பின்னால் தழைக்கேட்பியின் பச்சை விளக்கு மஞ்சளானது.

"தாக்கும் உயிர்: ஐந்து. பெயரில்லை. முதல் கடி."